நிலுவை மலையிறங்கிய நாள்

போன மாதம் உங்களில் ஒருவர் என்னிடம் வந்து, "சார், பெண்டிங் என்பதற்குத் தமிழில் சரியான சொல் எது?" என்று கேட்டார். வேலையில் சேர்ந்து எட்டு மாதம் ஆன பிள்ளை. ஒரே வார்த்தையில் பதில் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வியை யார் கேட்டாலும் எனக்கு உருளைக்கிழங்கு வாசனை வந்துவிடும். சிரிப்பு வரும், கூடவே கொஞ்சம் வெட்கமும் வரும். அதனால் அவரை உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, முழுக் கதையையும் சொன்னேன். எங்களுக்கும் சொல்லுங்கள் என்று மற்றவர்கள் கேட்டதால் எழுதுகிறேன். கோப்புகளை எப்படித் திறப்பது, எப்படி முடிப்பது என்பதையெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்துவிடுவார்கள். அந்தப் பக்கமே நான் போகப் போவதில்லை.

அறுபதுகளின் தொடக்கம். கோடைக்கானலில் ஒரு சிறிய சர்க்கார் ஆபீஸ். எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். அதில் நான் இளநிலை எழுத்தன். மேலே தகரக் கூரை, உள்ளே எந்நேரமும் ஈரம், பனி இறங்கினால் எதிர் மேசையில் இருப்பவர் தும்முவது மட்டும்தான் கேட்கும். எங்கள் தலைமை எழுத்தர் ஆண்டில் ஒன்பது மாதம் மப்ளரைக் கழற்றமாட்டார். மீதி மூன்று மாதம் அது கழுத்திலிருந்து தோளுக்கு இறங்கும். நல்லவர், ஆனால் இன்ஸ்பெக்‌ஷன் என்ற சொல் காதில் விழுந்தால் ஆளுக்கு உதறல் எடுத்துவிடும்.

ஆபீஸ் வேலையெல்லாம் தமிழில் நடக்க வேண்டும் என்று உத்தரவு வந்திருந்த சமயம் அது. அப்போது பார்த்து, இன்ஸ்பெக்‌ஷனுக்குப் பெரிய அதிகாரி ஒருவர் வருகிறார், அவர் தமிழ் மேல் உயிராக இருப்பவர் என்று கீழிருந்து செய்தி வந்தது. எங்கள் அலமாரி ஒன்றின் மேல் வெள்ளைக்காரன் காலத்துப் பலகை ஒன்று தொங்கியது. பெண்டிங் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். தலைமை எழுத்தர் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, இதத் தமிழாக்கிரு. அழகான சொல்லா இருக்கணும்."

எனக்கு அப்போது வயது இருபத்து நான்கு. வேலை செய்வதை விட வேலைக்குப் பெயர் வைப்பது பிடித்த வயது. குஷியாகக் கிளம்பிவிட்டேன். முதலில் போனது பக்கத்துக் குடோன் பாயிடம். உருளைக்கிழங்கு வியாபாரி. வாரம் மூன்று லோடு ஒட்டன்சத்திரத்துக்கு அனுப்புவார். "பாக்கின்னு போடுங்க தம்பி" என்றார் அவர். "எங்க அரபிச் சொல்லு. எல்லாம் போன பின்னாலயும் எது நிக்குதோ அது பாக்கி. அல்லாவுக்கே அப்படி ஒரு பேரு உண்டு, அழியாம இருக்கிறவன்னு."

"எங்க ஆபீஸ் கட்டுகளும் அழியாமத்தான் பாய் இருக்கு" என்றேன். பாய் சிரித்ததில் தராசுத் தட்டு ஆடியது.

பிறகு மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரைப் பிடித்தேன். பெண்டிங் என்பது லத்தீனில் தொங்குவது என்றார். அரியர்ஸ் என்பது பின்னால் தங்கிப்போனது என்றார். கடைசியில் நானே அகராதியைப் புரட்டி, 'நில்' என்பதிலிருந்து வந்த நிலுவையைக் கண்டுபிடித்தேன். வெள்ளைக்காரனுக்குத் தொங்குகிறது, அரபிக்காரனுக்கு மிஞ்சுகிறது, நமக்கு நிற்கிறது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பச்சைப் பெயிண்ட் வாங்கி, கொம்பும் சுழியுமாக 'நிலுவை' என்று எழுதிப் பலகையை மாட்டினேன். ஆபீஸே வந்து பார்த்தது. அப்போதுதான் தலைமை எழுத்தர் பலகைக்குக் கீழே இருப்பதைக் கவனித்தார்.

அலமாரி பிதுங்கி வழிந்துகொண்டிருந்தது. நாற்பத்து மூன்று கோப்புகள், அத்தனையும் என் பொறுப்பு.

அந்தக் காலத்தில் இதற்கு ஒரு மருந்து வைத்திருந்தோம். உங்கள் காலத்தில் இல்லை என்று நம்புகிறேன், இருந்தால் என்னிடம் சொல்லாதீர்கள். இன்ஸ்பெக்‌ஷனுக்கு முதல் நாள் நிலுவைக் கட்டுகள் காணாமல் போகும். சிலர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் வைப்பார்கள், சிலர் மாமனார் ஊருக்கே அனுப்பிவைப்பார்கள். அதிகாரி மலையிறங்கியதும் எல்லாம் திரும்ப வந்து அலமாரியில் உட்கார்ந்துகொள்ளும். நான் பாயின் குடோனில் ஒரு சாக்கு வாங்கி, நாற்பத்து மூன்றையும் அடுக்கி, மேலே நாலு கை உருளைக்கிழங்கைப் பரப்பி, கோணி ஊசியால் நானே தைத்து, மற்ற மூடைகளுக்கு நடுவே நிறுத்தினேன். அடையாளம் தெரிய வேண்டுமே என்று சாக்பீஸால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வந்து பார்த்தால் குடோன் துடைத்து வைத்தது போல் இருந்தது.

"லோடு வெள்ளனேயே போயிருச்சே தம்பி" என்றார் பாய்.

"என் மூடை பாய்? பெருக்கல் குறி போட்டிருந்தேனே?"

பாய் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "பெருக்கல் குறியா? அது சாம்பிள் மூடைக்குப் போடுற குறியாச்சே. ஏலத்துல சனங்களுக்குக் கொட்டிக் காட்டுறதுக்குன்னு நல்ல கெழங்காப் பாத்து ஒரு மூடை கட்டுவோம். பசங்க அதத்தான் மொதல்ல ஏத்தியிருப்பாங்க."

வேலை போவது ஒரு பக்கம் இருக்கட்டும். குடோன் வாசலில் இருந்து பார்த்தாலே தெரிகிற எங்கள் ஆபீஸ் படியில் பாண்டியம்மா உட்கார்ந்திருந்தார்.

பாண்டியம்மா கிளாவரைக்காரர். கேரள எல்லையை ஒட்டிய ஊர். அங்கிருந்து எங்கள் ஆபீஸுக்கு வர அந்தக் காலத்தில் பாதிக்கு மேல் நடைதான். புருஷன் இல்லை. இருபது வருஷமாகப் பூண்டு போடுகிற சர்க்கார் நிலத்தை வேறொருவர் குத்தகைக்குக் கேட்டிருந்தார். கேட்டவர் வசதியுள்ள புள்ளி. பாண்டியம்மா ஆட்சேபணை மனு கொடுத்திருந்தார். அதில் பெரிய அதிகாரி கையெழுத்துப் போடாவிட்டால் மறுநாள் மாலை ஐந்து மணிக்கு நிலம் கைமாறிவிடும். கையெழுத்துக்கு முன் என் குறிப்பு வேண்டும். நான் நாலு மாதத்துக்கு முன்பே கிளாவரைக்குப் போய் நிலத்தைப் பார்த்தேன், அவர் வீட்டில் சுட்ட கிழங்கும் தின்றேன். எழுத வேண்டியது இரண்டே வரி. ஏன் எழுதவில்லை என்று கேட்பீர்கள். வேலைப்பளு என்று அப்போது சொன்னேன். இப்போது எனக்கு யார் மேலும் பயமில்லை, அதனால் உண்மையைச் சொல்கிறேன். அந்த வசதியான புள்ளி மேல் பயம்.

"அய்யா, பெரியவரு இன்னைக்கு வர்றாராம்ல. என் காயிதம் எங்க கெடக்கு?" என்றார் பாண்டியம்மா.

"அது நிலுவையில நிக்குதும்மா" என்றேன். வாயில் புதுச் சொல் இருந்தது, அது தானாக வந்துவிட்டது.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை. "காயிதம் தானா நிக்குமாய்யா? நீங்கள்ல நிறுத்தி வச்சிருக்கீங்க" என்றார்.

அகராதி, அரபி, லத்தீன் எல்லாம் அந்தப் படியிலேயே உதிர்ந்து போயின. எத்தனை ஊர்க்காரன், எத்தனை பாஷை. தொங்குகிறது, மிஞ்சுகிறது, நிற்கிறது என்று அத்தனை பேரும் வேலையின் மேலேயே பழியைப் போட்டிருக்கிறோம். செய்யாதவன் ஒருத்தன் இருக்கிறான் என்று எந்தச் சொல்லும் காட்டிக் கொடுக்கவில்லை. நான் அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. தலைமை எழுத்தரிடம் போய், "இன்னைக்குக் கணக்கைத்தானே பார்ப்பார், நாளைக்குத்தானே கோப்பு. எனக்கு வயிறு சரியில்லைன்னு சொல்லிருங்க" என்றேன். நடந்ததைக் கேட்டபின் அவருக்கே வயிறு சரியில்லாமல் போயிற்று.

ஒன்பது மணி பஸ்ஸைப் பிடித்தேன். பெருமாள்மலையைத் தாண்டும்போது எதிரே ஒரு ஜீப் முக்கி முனகி ஏறி வந்தது. உள்ளே நெற்றியில் திருநீறும் மடியில் பைலுமாக ஒருவர் இருந்தார். பெரிய அதிகாரி அவர்தான். கையெழுத்துப் போடுகிறவர் மலையேறினார், கையெழுத்து வேண்டிய காகிதம் மலையிறங்கிக்கொண்டிருந்தது, நடுவில் நான். பயத்தோடு பயமாக எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்தில் இருந்தவர் சிறிது தள்ளி உட்கார்ந்தார்.

வத்தலக்குண்டில் பஸ் மாறி, ஒட்டன்சத்திரம் போய்ச் சேர மணி இரண்டாகிவிட்டது. சந்தைக்குள் ஓடினேன். பாயின் சரக்கு இறங்கும் மண்டியைத் தேடவே வேண்டியதில்லை. அங்கே ஒரு கூட்டம் நின்று விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தது. நடுவில், மாதிரி மூடையைக் கொட்டிய தார்ப்பாயில், ஒரு குத்துக் கிழங்கும் நாற்பத்து மூன்று கோப்புகளும் கிடந்தன. கண்ணாடி போட்ட தரகர் ஒருவர் மூடை மேல் ஏறி உட்கார்ந்து ஒரு மனுவை ராகம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தார்.

"...ஆகவே அதிகாரி சமூகம் அவர்கள் ஏழை மேல் கிருபை கூர்ந்து..."

"கிருபை கூர்ந்தாங்களா இல்லியாண்ணே?" என்றார் சுமை தூக்குகிறவர் ஒருவர்.

"தெரியலயேப்பா. அடுத்த பக்கம் வெள்ளையா இருக்கு."

"இது என்னோட மூடைங்க" என்றேன் மூச்சு வாங்க.

மண்டி முதலாளி திரும்பினார். கனத்த உடம்பு, நிதானமான பேச்சு. "நீங்க யாரு?"

கிழங்கு வியாபாரி என்று சொல்லியிருக்கலாம். யாரும் சந்தேகப்பட்டிருக்கமாட்டார்கள். ஆனால் காலையில் படியில் கேட்ட பேச்சு காதைவிட்டுப் போகவில்லை. "இதுக்கெல்லாம் பதில் எழுத வேண்டியவன்" என்றேன்.

முதலாளி, குவியலில் இருந்து எடுத்து இடுப்பு வேட்டியில் செருகியிருந்த ஒரு காகிதத்தை நீட்டினார். "இது என் மனு. மலை மேல என் காட்டுல ஓடைக்குக் குறுக்க ஒரு மரப்பாலம் போட்டுக்கிறேன்னு நாலு வருசத்துக்கு முன்னால குடுத்தது. மூணு தடவ உங்க ஆபீசுக்கு வந்தேன். மேல போயிருக்கு, மேல போயிருக்குன்னீங்க. மேல போனது எப்படிங்க கீழ வந்துச்சு?"

நான் குனிந்து கோப்புகளைப் பொறுக்கத் தொடங்கினேன்.

"சரி, இதுக்கு இன்னும் என்ன பாக்கி?"

வாங்கிப் பார்த்தேன். எனக்கு முன்னால் இருந்தவர் இடத்தைப் பார்த்து, யாருக்கும் இடைஞ்சல் இல்லை என்று எழுதியும் வைத்திருந்தார். "ரெண்டு வரிங்க" என்றேன்.

"நாலு வருசம் ரெண்டு வரிக்கா" என்றார். கோபம் கூட இல்லை, ஆச்சரியம்தான். "அப்ப உக்காந்து எழுதுங்க. எழுதாம மூடையைத் தூக்க விடமாட்டேன்."

ஒரு தக்காளிக் கூடையைக் கவிழ்த்து எனக்கு மேசை போட்டார்கள். நான் முதலில் எடுத்தது பாண்டியம்மாவின் கோப்பு. 'நிலத்தை நேரில் பார்த்தேன். மனுதாரர் இருபது ஆண்டாகப் பயிர் செய்துவருகிறார். வேறு எவருக்கும் குத்தகைக்கு விடக்கூடாது என்பது என் கருத்து' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். நாலு மாதம் பயந்த இரண்டு வரியை எழுத ஒரு வெற்றிலை மடித்துப் போடும் நேரம்தான் ஆனது. அடுத்தது முதலாளியின் பாலம். அதோடு விடுவார்கள் என்று நினைத்தேன். சனங்கள் ருசி கண்டுவிட்டார்கள். கண்ணாடித் தரகர் படிப்பார், நான் எழுதுவேன், சுமைக்காரர்கள் "அடுத்தது" என்பார்கள்.

ஒரு கோப்பைப் பார்த்ததும், "இது ஆகாதுங்க. வில்பட்டிக்காரர் ஒருத்தரை விசாரிக்கணும்" என்றேன்.

"யாரை?"

பெயரைச் சொன்னேன்.

"ஏலே, அந்தா கேரட்டு மூடைக்கிட்ட நிக்கிறாரு பாரு, வெரசாக் கூட்டிட்டு வா."

பதினொரு மாதமாக நிலுவையில் இருந்த விசாரணை, கையில் கேரட் மண்ணோடு நேரில் வந்து நின்றது. ஐந்து நிமிடத்தில் முடிந்தது. அவர் போகும்போது என் கையைப் பிடித்து, "நீங்க இங்கனயே ஆபீஸ் வச்சுக்கங்க சார்" என்றார். என் முப்பத்தைந்து வருட சர்வீஸில் அவ்வளவு உற்சாகமாக நான் வேலை செய்ததில்லை. மனிதர்கள் எதிரே நின்றால் காகிதம் தானாக ஓடும் என்று அன்றைக்குத்தான் கண்டேன். பிள்ளைகளே, மனுதாரர் வந்தால் நாற்காலி போட்டு எதிரிலேயே உட்கார வையுங்கள். பாதி வேலையை அவர் முகமே செய்து கொடுத்துவிடும்.

சந்தை கலைவதற்குள் பதினேழு முடித்தேன். முதலாளியே மூடையைத் தைத்து, கிழங்கையும் மறக்காமல் உள்ளே போட்டு, பஸ் ஏற்றிவிட்டார். வத்தலக்குண்டில் தங்கி, மறுநாள் முதல் பஸ்ஸில் மலையேறினேன். பஸ்ஸை விட்டு இறங்கும்போது மணி பத்தரை.

ஆபீஸ் வாசலுக்கே தலைமை எழுத்தர் ஓடிவந்தார். மப்ளர் காதைச் சுற்றியிருந்தது. "கோப்பு பாக்க ஆரம்பிச்சுட்டார்யா. நீ பின்பக்கமாப் போய்க் குடோன்ல போட்டுரு. யாருக்கும் தெரியாது. தப்பிச்சோம்."

உண்மையில் தப்பித்துவிட்டோம். மூடையைப் பாயிடம் போட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனால் போதும். தகுதிகாண் பருவம் முடிய எனக்கு இன்னும் இரண்டு மாதம்தான். பாண்டியம்மாவின் கோப்பை மட்டும் உருவிக்கொண்டு போகலாமா என்றும் ஒரு கணம் யோசித்தேன். ஆனால் அலமாரியே காலி என்று கணக்குக் காட்டிய பின் ஒன்று மட்டும் எங்கிருந்து வந்தது என்பார்கள். படியில் பாண்டியம்மா முதல் நாள் கட்டியிருந்த சேலையோடு, அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். என் தோளில் இருந்த மூடையைப் பார்த்தார். நான் முன்வாசல் வழியாகவே ஏறினேன்.

பெரிய அதிகாரி என் பச்சைப் பலகைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார். "பலகை ரொம்ப நல்லா இருக்கு. தட்டுதான் காலியா இருக்கு. இவ்வளவு சுத்தமான ஆபீஸை என் சர்வீஸ்ல பார்த்ததில்லை" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்கதானே வயித்துக் கோளாறு?"

"ஆமாங்கய்யா. இல்லைங்கய்யா" என்றேன். மூடையின் வாயைப் பிரித்து அவர் முன் தரையில் கவிழ்த்தேன். கோப்புகள் மண்ணோடு சரிந்தன. ஓர் உருளைக்கிழங்கு உருண்டு போய் அவர் பூட்ஸில் முட்டி நின்றது.

"என்ன இது?"

"நிலுவைங்கய்யா. மொத்தம் நாற்பத்து மூணு. பதினேழுக்கு நேத்து குறிப்பு எழுதிட்டேன்."

"நேத்தா? எங்கே வச்சு?"

"ஒட்டன்சத்திரம் சந்தையிலங்க."

தலைமை எழுத்தர் சுவரைப் பிடித்துக்கொண்டார். அதிகாரி குனிந்து அந்தக் கிழங்கை எடுத்தார், திருப்பித் திருப்பிப் பார்த்தார், மேசை மேல் வைத்தார். முகம் கல்லாக இருந்தது. தோள் மட்டும் லேசாகக் குலுங்கியதை நான் பார்த்தேன். பார்த்ததாக அவருக்குத் தெரியாது. "மேலே இருக்கிறதைக் கொடு" என்றார். மேலே இருந்தது பாண்டியம்மாவின் கோப்பு. அவரை உள்ளே அழைத்தார், மூன்று கேள்வி கேட்டார், என் இரண்டு வரியைப் படித்தார், கையெழுத்துப் போட்டார். பிறகு மாலை வரைக்கும் நிமிராமல் மீதிப் பதினாறையும் முடித்தார். கடைசியில் எனக்கு ஒரு மெமோ எழுதினார். அரசுக் கோப்புகள் காய்கறிச் சந்தைக்குப் போனது ஏன் என்று மூன்று நாளில் விளக்க வேண்டும்.

நாலு பக்கம் எழுதி அனுப்பினேன், ஒன்றையும் மறைக்கவில்லை. அது ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. ஓரத்தில் பச்சை மையில், 'பார்த்தேன். நிலுவையில் வைக்கவும்' என்று இருந்தது. நான் ஓய்வு பெறும் வரைக்கும் அது என் பணிப்பதிவேட்டில் அப்படியே கிடந்தது. பதவி உயர்வு வரும்போதெல்லாம் யாராவது ஒருவர், "சார், இது இன்னும் முடியலையே" என்பார். "முடியாது, அது அப்படித்தான்" என்பேன். அந்த மனிதர் அதை முடித்திருந்தால் அன்றைக்கே என் வேலையும் முடிந்திருக்கும்.

சொல்ல ஒன்று விட்டுப்போயிற்று. அன்று காலை கையெழுத்தான காகிதத்தின் நகலைப் பாண்டியம்மாவிடம் கொடுத்தேன். அவருக்கு எழுத்துத் தெரியாது. கையெழுத்தின் மேல் விரலை வைத்து, "இனிமே யாரும் வரமாட்டாகல்ல?" என்றார். வரமாட்டார்கள் என்றேன். காகிதத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு உடனே எழுந்துவிட்டார். ரெண்டு நாளாக இங்கே கிடந்தீர்களே, ஒரு டீயாவது குடித்துவிட்டுப் போங்கள் என்றேன்.

"இல்லய்யா, வெரசாப் போகணும்" என்றார். "பூண்டுல களையெடுக்கிற சோலி. நான்தான் பாதியில விட்டுட்டு வந்துட்டேன்."